மதி அக்காவின் புள்ளிக் கணக்கு: உடையார்கட்டிலிருந்து வட்டுவாகல் நோக்கி

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிளில் உடையார்கட்டிலிருந்து வட்டுவாகல் பாலம் வரை போகலாமா என்று இதுவரை யாரும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். முதுகுத்தண்டில் காயப்பட்ட ஒருவரோடு வன்னிப் பக்கம் வெளிக்கிடுகிறவர்களுக்கு இது உதவும். நாங்கள் போனது ஆவணி விடுமுறையில்.

மதி அக்காவை எனக்குப் போர் முடிந்த வருடம் வவுனியா ஆஸ்பத்திரியில்தான் பழக்கம். அம்மாவுக்குத் துணையாக நான் நின்றேன், பக்கத்துக் கட்டிலில் அவர். முள்ளிவாய்க்காலில் எறிகணைச் செல்லின் துண்டு முதுகில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கூட வந்த தம்பியையும் அங்கேயே இழந்திருந்தார். பல கிழமைகள் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர், ஒருநாள் யாருடைய உதவியுமில்லாமல் புரண்டு படுத்துவிட்டு, “எனக்கு ரெண்டு புள்ளி” என்றார். என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாமே விளையாட்டு. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறினால் ஐந்து புள்ளி. “ஐயோ” என்றால் ஒன்று கழியும். பார்க்க வருகிறவர்கள் “பாவம்” என்றால் அவர்களுக்கு இரண்டு கழியும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். “விளையாட்டெண்டால் தோக்கலாம், சுபா. சீவியமெண்டு எடுத்தால் தோக்கேலாது” என்றார்.

களப்பின் மேலே தாழ்வாகப் போகும் வட்டுவாகல் பாலத்தைக் காயப்பட்ட அன்று அவர் ஏற்கனவே கடந்திருக்கிறார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம். எதையும் பார்த்த நினைவில்லை. இந்த முறை நிமிர்ந்து இருந்துகொண்டு, கண் திறந்து, தன் கையால் கடக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அக்காவின் வீடு அங்கேதான்; எனக்கொரு சைக்கிளை அயல்வீட்டில் இரவல் வாங்கினேன். உடையார்கட்டிலிருந்து புதுக்குடியிருப்பு பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். அதை முதல்நாள் பின்னேரம் ஆறுதலாக ஓட்டினோம். வழியில் வரும் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு புள்ளி. பின்னால் வந்த நெல் லொறி ஒன்று ஹோர்ன் அடித்து ஒதுங்கிப் போனபோது, “அவனுக்கும் ஒண்டு போடு” என்றார். புதுக்குடியிருப்பில் அவருடைய சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தங்கினோம். படுக்க முன்னர், அழுத்தப் புண் தொடங்குகிறதா என்று அவரது தோலைப் பார்த்தேன். எங்கும் சிவப்பில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். பாலத்துக்கு இன்னும் பதினாறு கிலோமீற்றர் அளவு. அரை மணிக்கொருமுறை இரு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, இருக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் கொடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதல் ஒரு மணித்தியாலம் தூக்கினார். பிறகு எதிர்க்காற்று. நின்றால் திரும்ப உருட்டுவது கஷ்டம் என்று நிற்காமலே போனார். மதகுக்குத்தான் புள்ளி இருந்தது, நிற்பதற்கு இல்லை. நானும் மதகுகளையே எண்ணிக்கொண்டு போனேன்.

முள்ளிவாய்க்கால் தொடங்குமிடத்தில் ஒரு மதகு வந்தது. வழமைபோல “ஒண்டு” என்றேன்.

“இதில புள்ளியில்லை. கதைக்காமல் வா” என்றார்.

அந்தப் பகுதி முழுக்க அவர் வீதியின் இரு பக்கமும் பார்க்கவில்லை. கைபிடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பற்றைக் காடு, புதிதாகக் கட்டிய இரண்டு வீடுகள், வேலியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை. அவருடைய தம்பி எந்த இடத்தில் விழுந்தான் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் சரியாகத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வட்டுவாகலை நெருங்கும்போது தண்ணீர் கேட்டு நின்றார். நான் இறங்கி, அவர் சீற்றுக்குப் பின்னாலிருந்த போத்தலை எடுக்கக் குனிந்தேன். குஷனின் ஓரம் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

“அக்கா, இதோட நிப்பாட்டுங்கோ. இரத்தம்.”

“எவ்வளவு?”

“பாவாடை நனைஞ்சிருக்கு.”

அவர் முன்னால் பார்த்தார். களப்புக் காற்று முகத்தில் அடித்தது. “இன்னும் ஒரு கிலோமீற்றர் வராது. நீ காணாத மாதிரி வா.”

“ஏலாது அக்கா.”

“எனக்கு நோகேல்லை.”

“உங்களுக்கு நோகாது. அதுதான் பயமாயிருக்கு.”

நான் முன்சில்லைப் பிடித்துக்கொண்டேன். “கையை எடு” என்றார். எடுக்கவில்லை. “நீயும் என்னை நோயாளியாக்கிப்போட்டாய்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு அந்தக் குரலில் பேசியதில்லை.

வந்த முதல் ஓட்டோவை மறித்தேன். ஓட்டோக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, “இருக்க விடாதேங்கோ, குப்புறப் போடுவம். எங்கட அண்ணைக்கும் இதுதான்” என்றார். பின்சீற்றில் குறுக்காகப் படுக்க வைத்தோம். கால்களை என் மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று சில்லையும் சைக்கிளையும் ஒரு வீட்டு வாசலில் விட்டோம்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்தில் ஓட்டோ மெதுவானது. அக்காவின் முகம் சீற்றுக்குள் புதைந்திருந்தது.

“பாலமோ?”

“ஓம்.”

“தண்ணி கிட்டவோ?”

“கிட்டத்தான் அக்கா. ரெண்டு பக்கமும்.”

ஓட்டோ பாலத்தைத் தாண்டும் வரை அப்படியே கிடந்தார். பிறகு, “இது கணக்கில்லை” என்றார்.

புண் எலும்பு வரை போயிருந்தது; தோலில் தெரியுமுன்னரே உள்ளே பழுதாகியிருந்ததாம். அவர் இருந்தது காற்றடைத்த குஷன்; அதில் காற்று இறங்கியிருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. வெட்டித் துப்புரவாக்கினார்கள், கிருமி தொற்றியது, திரும்பவும் வெட்டினார்கள். ஏழு கிழமை அவர் குப்புறவே கிடந்தார். இனி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நிமிர்ந்து இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடைக்கும் கோயிலுக்கும் அவரைக் கொண்டுபோன மூன்று சில்லு இப்போது வீட்டில் சும்மா நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் நான் ஒருநாள், மருந்து கட்டும்போது சத்தம் போடாவிட்டால் மூன்று புள்ளி என்று தொடங்கினேன். அவர் தலையைத் திருப்பினார்.

“இப்ப வேண்டாம், சுபா. என்னை ஐயோ எண்டு சொல்ல விடு.”

சொன்னார். அன்று பின்னேரம் முழுக்கச் சொன்னார். புண்ணில் நோ தெரியாத உடம்பு அது, எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததென்று தாதிக்குத் தெரியவில்லை. தம்பியின் பெயரையும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

வாழ்க்கையை விளையாட்டாக எடுத்தால் சந்தோசமாக இருக்கலாம் என்று இந்தப் பக்கத்திலேயே முன்பு எழுதியிருக்கிறேன். அதை அழிக்கப் போவதில்லை. அந்த விளையாட்டு இல்லாவிட்டால் மதி அக்கா அந்த வார்ட்டுச் சுவரைத் தாண்டியிருக்கமாட்டார். ஆனால் அது அவரவர் தாங்களே தொடங்கவேண்டியது. வேண்டாமென்றால் விட்டுவிடவும் இடம் வேண்டும்.

போகிறவர்களுக்கு: முதல்நாளே அவரைக் குஷனில் இருத்தி, அடியில் கையை விட்டுக் காற்றுப் போதுமா என்று பாருங்கள். அரை மணிக்கொருமுறை கட்டாயம் நிறுத்துங்கள், நிற்போமா என்று அவரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தோலைப் பார்க்க ஒரு கண்ணாடி கொண்டுபோங்கள். ஆவணியில் ஏழு மணிக்கே எதிர்க்காற்றுத் தொடங்கும், ஒன்பதுக்குப் பிறகு வெயிலும் சேரும். முள்ளிவாய்க்காலைத் தாண்டும்போது கூட வருபவர் பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள்.

போன கிழமை அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். இன்னமும் பாதி நேரம் குப்புறத்தான் படுக்கிறாராம். குரல் களைத்திருந்தது.

“குப்புறப் படுத்துக்கொண்டு தோசை சாப்பிட்டுப் பார், சுபா. சம்பல் மூக்குக்குள்ள போகாட்டி உனக்குப் பத்துப் புள்ளி.”

வைத்தவுடன் தோசை சுட்டு, பாயை விரித்துப் படுத்துப் பார்த்தேன். இரண்டாவது வாயிலேயே பத்தும் போயிற்று.