எட்டாவது முள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அளவெடுக்க உள்ளே போகிறவர், வாசலில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் அக்காவிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் அளப்பது நுண்ணலை. கைப்பேசி பேசுவதும் நுண்ணலையில்தான். பக்கத்தில் ஒன்று இருந்தால் வரைகோட்டில் முள் முள்ளாகக் கிளம்பி உயிரை வாங்கும். யாராவது விடாமல் அழைத்தால் அக்காவே எடுத்துப் பேசிவிட்டுக் கதவைத் தட்டுவார்.

நான் ஆராய்ந்தது தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய அடுக்குகளை. கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் மீக்கடத்தி ஓர் அடுக்கு, அதன்மேல் காந்தம், மறுபடி மீக்கடத்தி. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். காந்தப்புலத்தை மீக்கடத்தி அண்டவிடாது. காந்தத்துக்கோ அதுதான் பிழைப்பே. ஒட்டவைத்துக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால், காந்தம் நுண்ணலையை விழுங்குகிற இடம் நகர்ந்துவிடும். ஏன் நகர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

"ஒட்டாதத ஒட்ட வெச்சி வேடிக்கை பாத்துக்கினு இருக்கியா?" என்பார் அப்பா. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை மூட்டையாக நிலக்கடலை எடை போட்டவர். கிண்டல் செய்வாரே தவிர, அளவெடுக்கிற வேலை என்றால் அவருக்கு மரியாதைதான். நான் உள்ளே இருக்கும்போது அழைத்தால் அக்காவிடம் பேசி, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

அன்று பேருந்து கூட்டேரிப்பட்டில் பழுதாகி நின்றுவிட்டது. முந்தைய நாளே குளிரவைத்த மாதிரித்துண்டு எனக்காகக் காத்திருந்தது. ஓட்டமாக ஓடினேன். அக்கா கையை நீட்டினார். "சைலன்ட்ல இருக்குது அக்கா, ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டுப் பையோடு உள்ளே போனேன்.

பதினொன்றேகாலுக்கு முதல் முள் எழுந்தது. பிறகு இன்னொன்று. இணைப்புக் கம்பிதான் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இறுக்கினேன். மறுபடி வந்தது. "சனியனே," என்று வாய்விட்டுத் திட்டினேன். ஏழு முட்கள் வந்து நின்றன. பன்னிரண்டரைக்கு எட்டாவதாக ஒன்று, மற்றவற்றைவிடச் சிறியது.

மூன்று மணிக்கு வெளியே வந்து பையைத் திறந்தேன். அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அழைத்தால் அவர் கைப்பேசி அணைந்திருந்தது. கையில் வைத்திருக்கும்போதே அம்மா அழைத்தார்; அவருக்கே அப்போதுதான் தகவல் போயிருந்தது. கண்ணாடி மாற்ற விழுப்புரம் வந்த அப்பா, பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நான் அங்கிருந்து அரை மணி நேர தூரத்தில் இருந்தேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றிப்போனவர் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மா. காரியம் முடிந்தபின் அவரைத் தேடிப்போனேன்.

"நீதாம்மா பொண்ணா? 'எம் பொண்ணு மெசின் வேலையில இருக்கும், வாசல்ல ஒரு அம்மா போன வெச்சிக்கினு இருப்பாங்க, அவங்க எடுத்துடுவாங்க'ன்னு சொல்லிக்கினே அடிச்சிக்கினு இருந்தாரும்மா. ஆட்டோவுல ஏத்தறப்போகூட அடிச்சாரு."

அந்த வார்த்தையை என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் எடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அக்கா எடுப்பார் என்று நம்பித்தான் ஏழு முறை அழைத்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து, அன்று அளந்த கணினிக் கோப்பைத் திறந்தேன். ஏழு முட்களின் நேரமும் ஏழு அழைப்புகளின் நேரமும் அப்படியே பொருந்தின. எட்டாவதற்குக் கைப்பேசியில் அழைப்பு எதுவும் இல்லை. அப்போது அப்பா போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் அழைக்காவிட்டாலும் கைப்பேசி அவ்வப்போது சிக்னல் கோபுரத்தோடு தானாகப் பேசும். இதை முதலாண்டு மாணவர்களுக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன். தெரிந்தும் பயமாக இருக்கிறது. இப்போதும் திரையில் கோடு சற்றே துள்ளினால் கை பைக்குப் போய்விடுகிறது.

ஆய்வேட்டுக்குப் படங்களைத் தயாரித்தபோது பேராசிரியர், "அந்த முள்ளுங்கள எடுத்துடும்மா, வெறும் இரைச்சல்," என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏழு வரை எடுத்துவிட்டேன். எட்டாவதில் விரல் நின்றுவிட்டது.

அது படத்தில் அப்படியே இருக்கிறது. வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். என்ன இது என்று கேட்பார்கள். இரைச்சல் என்று என் வாயால் சொல்ல வேண்டும்.