பத்து நிமிடம் பிசைய வேண்டிய மண்

மெல்பேணுக்குக் கிழக்கே, டண்டினோங் மலைச்சரிவுகளில் இருக்கிற சிவப்பு மண் சரியான கள்ள மண். எந்தக் காலத்திலோ எரிமலை கக்கிய குழம்பு பாறையாகி, அந்தப் பாறை மழையில் ஊறி ஊறி மண்ணானது. கையில் எடுத்தால் அப்போதுதான் அவித்துக் கொட்டிய குரக்கன் புட்டுப்போல உதிரும். ஒட்டாது, வழுக்காது. மழை எவ்வளவு கொட்டினாலும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். ஆனால் அது முழுக்க முழுக்கக் களிமண். அதிலுள்ள இரும்பு, களியின் நுண்ணிய துகள்களைச் சின்னச் சின்ன மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்த மணிகள் உடையும்வரை பிசைந்தால்தான் மண் தன் சுயரூபத்தைக் காட்டும். உரம் போட்டால் பொஸ்பரசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்குக் கொடுக்காது. கள்ளத்தனத்தோடு கஞ்சத்தனமும் உண்டு.

இதையெல்லாம் நான் இன்று வாய் கிழியப் பேசுவேன். 2011 மழைக்காலத்தில் எனக்கு இதில் பாதி தெரியாது. தெரிந்ததுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மலைகளில் பல இடங்களுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீடு கட்டுபவர்கள் மலக்குழியும், அதிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடுகிற நீளமான கானும் வெட்ட வேண்டும். கான் எவ்வளவு நீளம், எந்தக் காலநிலையில் வெட்டலாம் என்பதை மண்தான் தீர்மானிக்கும். அந்த மண்ணைப் பார்த்து அறிக்கை எழுதுகிற சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. கைத்துளைப்பானால் துளையிட்டு, வந்த மண்ணை நனைத்து உருட்டிப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கி நாடாபோல் தள்ள வேண்டும். நாடா சீக்கிரம் அறுந்தால் இருவாட்டி மண். மணலும் களியும் அளவாகக் கலந்தது, தண்ணீர் சுலபமாக இறங்கும். நாடா அறாமல் நீண்டுகொண்டே போனால் களி.

யூன் மாதத்தில் ஒருநாள், ஆளுயரப் பன்னச்செடிகள் மூடிய ஒரு சரிவில் நான் இந்தச் சோதனையைச் செய்தேன். மழை. விரல்கள் விறைத்துவிட்டன. காலுறைக்குள் இரண்டு அட்டைகள். ஒரு நிமிடம் பிசைந்திருப்பேன். நாடா ஒரு விரற்கணு நீளத்தில் அறுந்தது. இருவாட்டி என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுக் காருக்குள் ஓடிப்போய் ஹீற்றரைப் போட்டேன்.

அப்போது நான் இருந்தது முதலாளி பிடித்துத் தந்த விசாவில். வேலை போனால் விசாவும் போகும், கணவரும் பிள்ளையும் என்னோடு மூட்டை கட்ட வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான பத்திரங்களில் அந்த வருட முடிவுக்குள் கையெழுத்து வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் பொறியியலாளர். மண்ணைக் கடதாசியில் மட்டும் பார்ப்பவர்.

அடுத்த மாதம் மெல்பேண் புறநகரான ஸ்பிரிங்வேலில் இருந்த ஓர் அன்ரி, அகதியாகப் படகில் வந்த ஒருவரை என் தலையில் கட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வன்னியில் அரசாங்க மண் பரிசோதகராக இருந்தவர். சிட்னியின் வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு, வேலை செய்யும் அனுமதியோடு மெல்பேணுக்கு வந்திருந்தார். மனைவியும் இரண்டு மகள்களும் இன்னும் இலங்கையில், செட்டிகுளத்துப் பக்கம். ஒழுங்கான வேலை ஒன்று கிடைத்தால் அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். நல்ல பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசையில்லை?

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் விமானத்தில் வந்தவர்கள். பரீட்சை எழுதி, பத்திரம் நிரப்பி, முறையாக வந்தவர்கள். படகில் வந்தவர்களுக்காக ஊர்வலம் போவோம், உண்டியலில் போடுவோம். பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தால் மட்டும் முகம் சுருங்கும். அன்ரி வீட்டில் அவர் என் படிப்பை விசாரித்து, “நல்லது, நல்லது” என்று தலையாட்டியதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. இவர் யார் எனக்குச் சான்றிதழ் தர என்றுதான் நினைத்தேன்.

முதலாளி ஒரு பரீட்சை வைத்தார். ஏற்கெனவே விடை தெரிந்த இடமாக இருக்கட்டும் என்று என் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். அந்த யூன் மாதத்துச் சரிவு.

போன அன்றும் தூறல். முதலாளி குடையோடு என் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வன்னிக்காரர் குந்தியிருந்து மண்ணை எடுத்து, நனைத்து, பிசையத் தொடங்கினார். பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்துச் சிரித்தேன், ‘ஆள் கொஞ்சம் அப்படித்தான்’ என்பதுபோல.

“என்ன அண்ணை, ரொட்டி சுடப் போறியளோ?”

அவரும் சிரித்தார். “மண் மாறுறது நிக்கும்வரைக்கும் பிசைய வேணும் தங்கச்சி. இது இன்னும் மாறிக்கொண்டிருக்கு.”

பிறகு நாடாவைத் தள்ளினார். ஒரு விரற்கணு போனது, அறவில்லை. இரண்டு. சுட்டுவிரலைத் தாண்டி வளைந்து தொங்கியது. தன் உடைந்த ஆங்கிலத்தில் முதலாளியிடம், இது களி, பார்த்தால் தெரியாது, ஈரத்தில் இயந்திரம் வைத்து வெட்டக்கூடாது, நசிந்து மெழுகியதுபோல் அடைத்துவிடும் என்றார். முதலாளி தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருவாட்டி என்றல்லவா எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.

வன்னிக்காரர் மண் உருண்டையை என்னிடம் நீட்டினார். “நீங்களே பிடிச்சுப் பாருங்கோ தங்கச்சி.”

வாங்கிப் பிடித்தேன். கெட்டிக் களி. பிசின்போல விரலில் ஒட்டியது. ஒரு சொல் போதும்: நான் அவசரப்பட்டுவிட்டேன், இவர் சொல்வது சரி. அந்தச் சொல் வாய்வரை வந்ததென்று எழுதினால் எனக்கு நல்லாயிருக்கும். வரவில்லை.

“இருவாட்டிதான்,” என்றேன் முதலாளியிடம், நல்ல ஆங்கிலத்தில். உருண்டையைப் புல்லுக்குள் எறிந்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தேன்.

முதலாளி மரியாதையான மனிதர். வன்னிக்காரரின் கையைக் குலுக்கி, வந்ததற்கு நன்றி, நமக்குச் சரிவராது என்று அங்கேயே சொல்லிவிட்டுத் தன் காரில் போனார். அவரை ஸ்பிரிங்வேலில் இறக்கிவிடுவது என் பொறுப்பானது. மலை இறங்கியதும் கேட்டார்.

“தங்கச்சி, அது களி இல்லையோ?”

“இல்லை அண்ணை. இந்த நாட்டு மண் வேற. நீங்கள் அங்கத்தைய பழக்கத்தில பிசைஞ்சா எல்லாம் களியாத்தான் தெரியும்.”

“ஓ, அப்பிடியோ.” கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தெட்டு வரியமாப் பிடிச்ச கை. ஒருக்காலும் பிழைச்சதில்லை.”

“இப்ப பிழைச்சுப்போச்சுத்தானே,” என்றேன்.

அதைச் சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை. வேலை ஏற்கெனவே போய்விட்டது. பயத்தில் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே கதை கட்டிப் பார்த்திருக்கிறேன். பயம் பாதிதான். மற்றப் பாதி, நான் முட்டாளாக்கிய ஒருவரை முட்டாளாகவே வைத்திருக்கிற சுகம். இறங்கும்போது, வீணாக அலைய வைத்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ஓகஸ்டில் அந்தச் சரிவில் கான் வெட்டினார்கள். என் அறிக்கையை நம்பி, குறைந்த நீளத்தில், கொட்டுகிற மழையில், பெரிய இயந்திரத்தை இறக்கி. கானின் சுவர்கள் மெழுகிப்போய் அடைத்தன. ஆட்கள் குடிபோய் இரண்டு மாதத்துக்குள் கழிவுநீர் மேலே ஊறி, கீழ்வீட்டுக்காரரின் புல்வெளியில் நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் திரும்பப் போய் மண் எடுத்துவந்து, அவர் மேசைக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பிசைந்தேன். நாடா நீண்டது. எரிமலை மண்ணில் இப்படி ஒரு கள்ளம் உண்டு, இப்போதுதான் வாசித்துக் கண்டுபிடித்தேன் என்றேன். பழி, மழையில் வெட்டிய ஒப்பந்தக்காரரின் தலையில் விழுந்தது. என் நேர்மையை முதலாளி மெச்சினார். எங்கள் செய்முறைக் குறிப்பில் ‘சிவப்பு மண்ணைப் பத்து நிமிடம் பிசையவும்’ என்று என்னையே எழுத வைத்தார். அன்றைக்குக் குடையோடு நின்று பார்த்தது அவருக்கு நினைவு வரும் என்று இரண்டு வாரம் நித்திரையில்லாமல் கிடந்தேன். வரவில்லை. அந்த மனிதரையே அவர் மறந்துவிட்டார். டிசம்பரில் என் பத்திரங்களில் கையெழுத்து விழுந்தது.

வன்னிக்காரர் கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்ததாக அன்ரி சொன்னார். நான் அன்ரி வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

2013இல் மலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், தன்னைப் பற்றி விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். அதே வன்னிக்காரர்தான். அவருக்கு இந்த நாட்டில் மண் தெரிந்த வேறு யாரையும் தெரியாது போலும். மண் கலக்கவும் சோதிக்கவும் ஆள் தேவை, இவருக்கு மண் தெரியுமா என்று பண்ணைக்காரர் கேட்டார். அப்போது என்னிடம் நிரந்தர வதிவிடம் இருந்தது. யாருக்கும் பயப்படத் தேவையில்லை. என்னைவிட நன்றாகத் தெரியும் என்றேன். உண்மையைச் சொல்ல இரண்டு விநாடிகூட ஆகவில்லை. போனை வைத்துவிட்டு, அன்றைக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன் என்று எனக்கே தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

ஒரு கிழமை கழித்து வன்னிக்காரரே எடுத்தார்.

“தங்கச்சி, வேலை கிடைச்சிட்டுது. நீங்கள் நல்லாச் சொல்லியிருக்கிறியள், பெரிய உபகாரம்.”

“மண் வேலைதானே அண்ணை?”

“அதைத்தான் தந்தவை. நான்தான் வேண்டாமெண்டு பெட்டி கட்டுற பக்கம் கேட்டு வாங்கினனான். சம்பளம் குறைவுதான். பரவாயில்லை. அண்டைக்கு நீங்கள் சொன்னாப்பிறகு எனக்கு என்ர கையில நம்பிக்கையில்லை. நான் பிழையாச் சொல்லி மற்ற ஆக்களின்ர பயிர் செத்தா, பாவமெல்லோ?”

அப்போதும் ஒரு சொல் போதுமாயிருந்தது.

“ஓம் அண்ணை,” என்றேன். “அதுதான் புத்தி.”