சின்னக் கரண்டிப் பந்தி

ஆரியங்கோட்டுப் பக்கம் எந்தச் சபையில் அசன விருந்து என்றாலும் சமையலுக்கு ஈசாக்கைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பெருமைப்பட இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, அவர் வைக்கும் ஆட்டிறைச்சிக் கறி. இன்னொன்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு அஞ்சல்வழியில் உளவியல் படிக்கக் கிளம்பிய மனைவி பிஜி. கறியைப் பற்றி யாராவது கேட்டால்தான் பேசுவார். பிஜியைப் பற்றி யாரும் கேட்கவே வேண்டியதில்லை.

படிப்பு முடிய ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். விருந்தில் வீணாகும் சோற்றைப் பார்த்து வயிறெரிந்தவள் பிஜி. சின்னக் கரண்டியால் விளம்பினால், கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினால், இலையில் மிச்சம் விழாது என்று அடித்துச் சொன்னாள். போதகரிடமும் கமிட்டியிடமும் அனுமதி வாங்கி, பேனாவும் தாளுமாகப் பந்தியோரம் நின்றாள். அன்றைக்கென்று எல்லோரும் இலையைத் துடைத்து வைத்தாற்போல் சாப்பிட்டார்கள். சமையல்காரர் பெண்டாட்டி நின்று எழுதினால் யார்தான் மிச்சம் வைப்பார்கள்? பார்க்க ஆள் இருந்தால் மனிதர் வேறு மாதிரி நடப்பார் என்று பாடத்திலேயே இருந்தது. பிஜிக்கு அது அந்த இலைகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த விருந்தில் அவள் பந்திப் பக்கமே வரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பந்தி. யார் எதில் என்று வாசலில் சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். கணவனும் மனைவியும் பிரிந்து உட்கார நேர்ந்ததில் சிலருக்குச் சந்தோஷம்தான். ஒரு பந்தியில் சின்னக் கரண்டி, மற்றதில் பெரியது. சோறும் கறியும் ஒன்றே. அப்போதுதான் வித்தியாசம் கரண்டியால் வந்தது என்று சொல்ல முடியும். பந்தி முடிந்ததும் மிஞ்சியதை வாளியில் வழித்து எடை போட்டாள். சின்னக் கரண்டி வாளி ஏறக்குறைய காலி. பிஜிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஈசாக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் இருக்கும்போ நீ எதுக்குப் பயப்படணும்? சின்னக் கரண்டிப் பந்தியில நானாக்கும் விளம்பினேன். பக்கத்துல நின்னு ஒரு பருக்கை மிச்சமில்லாம தின்ன வச்சேன்."

பிஜி வண்டியை நிறுத்தச் சொன்னாள். "அப்போ இது கரண்டி செய்த வேலை இல்ல. நீங்க செய்த வேலையாக்கும். இதை நான் எழுத மாட்டேன்."

"ஆருக்குத் தெரியும்? இந்த மாசம் குடுக்கல்லேன்னா ஒரு வருசம் போவுமே."

"எனக்குத் தெரியுமே."

நல்லது செய்யப் போய் அவளுடைய ஒரு வருடத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று ஈசாக்குக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அதியன்னூர்ப் பக்கத்துச் சபை ஒன்றுக்குப் போனார். மாதக் கடைசிக்குள் அங்கே ஓர் அசனம் இருந்தது. பிஜியின் ஆய்வுக்குக் கையோடு அனுமதி வாங்கி வந்தார்.

இம்முறை விளம்பியவர்களுக்கு எதற்கு இரண்டு கரண்டி என்றே தெரியாது. ஈசாக் அடுப்படியை விட்டு அசையக் கூடாது என்று பிஜியின் உத்தரவு. அவரும் அசையவில்லை, மனசுதான் பந்தியில் கிடந்து தவித்தது.

வாளிகள் வந்தன. சின்னக் கரண்டிப் பந்தியில்தான் மிச்சம் அதிகம். ஈசாக் பதறிப்போய், ஏன் இப்படி ஆயிற்று என்று ஆயிரம் காரணம் சொன்னார்.

"இருக்கலாம். அதுக்கு வேற ஆய்வு செய்யணும்" என்றாள் பிஜி. தான் நினைத்தது நடக்கவில்லை என்றும், ஒரு விருந்தை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும் எழுதினாள். முதல் இரண்டு விருந்தும் கெட்ட கதையையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

பாறசாலைச் சந்தையில் வெங்காயக் கடை பரமசிவன் கேட்டார். "ஈசாக்கண்ணே, வீட்டுக்காரிக்க ஆராய்ச்சி என்னாச்சு?"

ஈசாக் பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாக நிமிர்ந்து நின்றார்.

"அவ நினைச்சது தப்பாப் போச்சு. அதைக் கண்டுபிடிச்சதும் அவளாக்கும்."