கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு

என் வீட்டுக்காரரின் வலது கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு ஒன்று விழுந்தபோதுதான், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க டாக்டர்கள் குடியிருப்பது எனக்குத் தெரியவந்தது. அதுவரை அவர்களை நெசவாளிகள் என்றே நினைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் அது சாயக்கறை என்றார். இவர் சாயத்தொட்டிப் பக்கமே போகிறவர் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அதைச் சொன்னதும், அப்படியானால் கடைப் புடவையின் சாயம்தான் ஒட்டியிருக்கும் என்றார். முதலாளி காதில் விழுந்திருந்தால் எதிர்வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

என் நாத்தனார் நகச்சுத்து என்று தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிவிட்டாள். பழம் அழுகியதே தவிர, கோடு அப்படியே இருந்தது. பழம் சரியில்லை என்று வேறொன்று செருகினாள்.

கடைசியில் படித்த டாக்டரிடமும் போனோம். எப்போதும் கூட்டம் நிரம்பி வழியும் ராசிக்காரர். விரலைத் தொடாமலே ரத்தக்கட்டு என்றார். அடியே படவில்லை என்று இவர் சொன்னதற்கு, பட்டிருக்கும், மறந்திருப்பீர்கள் என்றார். விரல் இவருடையதாக இருந்தாலும் அதன் வரலாறு டாக்டருக்கு அத்துப்படி. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

கோடு மெல்லப் பட்டையானது. நகம் நடுவில் பிளந்தது. கறுப்பு நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் இறங்கியது. வலி மட்டும் இல்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. இவரும் அந்தத் தெருக்காரர்தானே.

கல்யாண சீசனில் ஒரு நாள், மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறார். இவர் முந்தானையை விரித்து ஜரிகையைத் தடவிக் காட்ட, அவர் இவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். புடவை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இவர் அடுத்ததை விரித்தார்.

"புடவை இருக்கட்டும். கையைக் காட்டுங்க" என்றார் அந்த அம்மாள். தான் தோல் டாக்டர் என்று சொல்லி, வாசல் வெளிச்சத்துக்கு இவரைக் கூட்டிப்போய்ப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் புடவையை விட்டுவிட்டு இவரைப் பார்த்த முதல் வாடிக்கைக்காரர் அவர்தான். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதோடு முன்னால் நகர்ந்திருக்கும், இது வேரிலிருந்தே வருகிறது, தோலிலும் இறங்கிவிட்டது, உடனே மெட்ராஸுக்கு வாருங்கள் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பெரிய வியாதியா இருக்கலாம்னு சொல்றாங்கம்மா." நான் அப்போதே மெட்ராஸுக்குப் பையை எடுத்து வைத்தேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நகத்துக்கடியில் ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள். அந்த அம்மாள் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் வருகிற புற்றுநோய். அபூர்வமானது, ஆனால் வந்தால் வேகமாக உள்ளே பரவும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். இல்லை. இப்போதே விரலை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"கட்டைவிரல் இல்லாம புடவைய எப்பிடிம்மா மடிக்கிறது?" என்றார் இவர்.

"மடிக்கிறதுக்கு ஆள் இருக்கணும் இல்லையா?" என்றார் அந்த அம்மாள்.

இவர் தலையாட்டினார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

விரல் போனது. காயம் ஆறிக் கடைக்குப் போனபோது, முதலாளி மிகுந்த அக்கறையோடு இவரைப் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றினார். முகூர்த்தப் புடவையை ஊனக் கையால் விரித்தால் கல்யாணத்துக்கு ஆகாதாம். இவர் அங்கேயே நாலு விரலால் மடிக்கப் பழகினார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் போய் அக்குளைக் காட்டிவிட்டு வருவோம். வருஷங்கள் ஓடின. நோய் திரும்பவில்லை.

தெரு சும்மா இருக்குமா? புத்துநோய் என்றால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாரே, நல்ல விரலை அநியாயமாக வெட்டிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் விளக்க ஆரம்பித்தார். நோய் இல்லை என்பதற்கு அவர் காட்டிய அத்தாட்சி, பக்கத்து இலையில் நாலு விரலால் சோறு பிசைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஏதோ சொல்லப்போனேன். இவர் இடது கையால் என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வுடும்மா. நான் செத்திருந்தா அவரு ஒத்துக்குவாரு. அதுக்கோசரம் சாவ முடியுமா?"

பிறகு ரசம் கேட்டார்.