படகில் ஒரு நீலப் பெட்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில், வெள்ளம் வந்து நின்ற உயரத்துக்கு ஒரு கறை உண்டு. எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நாலே மாதத்தில் பல்லைக் காட்டும். பெயிண்டரும் கையை விரித்துவிட்டதால் சங்கக் கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தார்கள்: அந்த இடத்தில் பெரிதாக ஒரு படம் மாட்டிவிடலாம். என்ன படம்? வெள்ளத்தில் நாம் ஒருவருக்கொருவர் உதவிய படம். வெள்ளத்தை மறைக்க வெள்ளத்தையே வரையலாம் என்று அபிராமபுரத்தில் நாங்கள்தான் முதலில் யோசித்திருப்போம்.

வரைவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தரைத்தளத்தில் என் எதிர்வீட்டில் இருக்கும் டீச்சர், சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். முழங்கால் வலி, நாலு படி ஏறுவதே பெரும்பாடு. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒவ்வொருத்தரா வாங்க. அன்னிக்கு எங்க நின்னீங்க, என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. சொல்றதை அப்படியே வரையறேன். நான் பார்த்ததையும் வரைவேன்."

கடைசி வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை.

வந்தார்கள். சலூனுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோருமே அன்று ஒரே வேலையைத்தான் செய்திருந்தார்கள்: படகின் கயிற்றைப் பிடித்து இழுத்திருந்தார்கள். அன்று ஊரிலேயே இல்லாத சங்கத் தலைவர்கூட, "ஃபோன்ல ஏற்பாடு பண்ணது நான்தானே" என்று கயிற்றின் நுனியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கயிறு என்னவோ நாலு முழம். அதில் பதினேழு பேர். தண்ணீரில் தத்தளிக்க மட்டும் ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நானும் கயிறுதான் கேட்டேன். டீச்சர் தலை நிமிரவில்லை. "இடது கையா, வலது கையா சார்?" என்று மட்டும் கேட்டார். வலது கை என்றேன்.

உண்மையில் அன்று என் வலது கையில் இருந்தது ஒரு நீலப் பெட்டி.

படகு கொண்டுவந்தவர் ஊரூர் குப்பத்துக்காரர். அவர் மனைவி எங்கள் தெருவில் மீன் விற்பவர். 'மீன் விற்பவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று கேட்டில் சங்கம் ஒரு பலகை மாட்டியிருந்தது. அவள் கணவர் படகோடு உள்ளே வந்தபோது அந்தப் பலகை தண்ணீருக்கு அடியில் இருந்தது. மாடிக்காரர்களை நாலைந்து நடையில் கொண்டுபோய்க் கரை சேர்த்தார். கடைசியாகப் படிக்கட்டில் டீச்சரும் நானும்தான் மிச்சம். அந்த நடையில் அடுத்த தெருக்காரர்கள் நான்கு பேர் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. நானும் பெட்டியும் ஏறினோம்.

"சார், பொட்டிய வுட்டுட்டு வா சார். டீச்சர் குந்திக்கட்டும்" என்றார் படகுக்காரர்.

"வீட்டுப் பத்திரம்பா. அதை எப்படி விடறது?"

டீச்சர்தான் பேச்சை முடித்துவைத்தார். "பரவாயில்ல, நீங்க போங்க சார். நான் அடுத்த நடைல வரேன்." அப்படி ஒருவர் சொன்னால் மறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், படகு தெருமுனை தாண்டும்வரை.

அடுத்த நடை வர மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆளில்லாத கட்டடத்தில், ஈரப் படியில், அந்த முழங்காலோடு அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு பத்து நாள் ஜுரத்தில் படுத்தார்.

எங்களைத் தங்கவைத்த கல்யாண மண்டபத்தில் பெட்டியைத் திறந்தேன். மேலே பழைய வேட்டி, அதற்குள் கொலு பொம்மை. பரணில் ஒரே மாதிரி இரண்டு நீலப் பெட்டிகள். அவசரத்தில் மாற்றி இறக்கியிருக்கிறேன். பத்திரம் பரணிலேயே நனையாமல் சுகமாக இருந்தது. நான் தூக்கி வந்தது தசாவதார செட், ஒன்று குறையாமல். முதல் அவதாரம் மீன். வெள்ளத்திலிருந்து மீனைக் காப்பாற்றிய ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மகள் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி திரும்பி வந்து பொம்மைகளைப் பார்த்து என்னை மெச்சிக்கொண்டாள்.

படம் முடிகிற சமயத்தில் பார்க்கப் போனேன். பதினேழு முகமும் உரித்து வைத்த மாதிரி இருந்தது. படகுக்காரர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் துடுப்போடு நின்றார், இடம் போதவில்லையாம். நான் வலது கையால் மும்முரமாகக் கயிறு இழுக்கிறேன். எனக்குப் பின்னால், படகின் நடுவில், நீலப் பெட்டி. கைப்பிடியில் நான் கட்டியிருந்த சிவப்பு நாடாவைக்கூட டீச்சர் விடவில்லை.

"டீச்சர், இந்தப் பெட்டி அவசியமா?"

"எடுத்துடலாம் சார்." பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபமே இல்லை. "ஆனா அந்த எடம் காலியாயிடும். யாரை உக்கார வைக்கட்டும்?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

படத்திறப்புக்குப் படகுக்காரரையும் அழைத்திருந்தார்கள். எல்லோரும் அவரவர் முகத்தைத் தேடி, மூக்கு சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தப் பொட்டி பத்ரமா கீதா?"

குத்தலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் பெட்டிதான் என்று ஒப்புக்கொண்டேன். தலைவர் என் தோளைத் தட்டினார். "இதுக்குப் பேர்தான் முன்யோசனை. பத்திரத்தை முதல்ல எடுத்திருக்கார் பாருங்க." கை தட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பத்திரம் இல்ல, கொலு பொம்மை" என்றேன். "டீச்சர் உக்கார வேண்டிய எடத்துல வெச்சேன். அவங்க மூணு மணி நேரம் படியில இருந்தாங்க."

கைதட்டல் நின்றது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் கயிறு பிடித்த கதையும் ஒவ்வொன்றாக வெளியே வருமே. கேசரி கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் படத்துக்கு முன்னால் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வந்து உட்கார்ந்தது. பெட்டியை மட்டும் மறைக்கிற உயரம். சங்கத்தின் கைங்கரியம் என்று நினைத்தேன். தினமும் காலையில் அதைத் தள்ளி வைப்பேன், சாயங்காலம் அது பழைய இடத்தில் இருக்கும். போன வாரம் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தவர் டீச்சர்.

"எனக்காகப் பார்த்து மறைக்காதீங்க டீச்சர்" என்றேன். "நான் தினம் அதைப் பார்க்கணும்."

மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"தினம் பார்த்தா பழகிடும் சார்."