தாண்டித் தாண்டி வாசித்த கதை

நேற்று மருமகள் கைபேசியில் ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன ஊர் டாக்டரின் பெண்டாட்டி, வாழ்க்கை சலித்துப்போய் வேறு ஆண்களைத் தேடிப் போய்க் கெடுகிற கதை. புருசன் வருகிற இடங்களையெல்லாம் விரலால் தள்ளி ஓட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கதையைக் கன்னிவாடியில் நானே தமிழ்ப் புத்தகமாக வாசித்திருக்கிறேன். என்ன, நான் ஓட்டிவிட்டது வேறு இடங்களை.

அப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தோம். மத்தியானம் பூக்கடைக்காரர் மல்லிகை மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கட்டுவோம். சைக்கிளில் வருகிற வாடகைப் புத்தகத்தை ஒருத்தி உரக்க வாசித்தால் அவள் பங்குப் பூவை மற்றவர்கள் கட்டித் தருவது எங்கள் வழக்கம். அஞ்சாவது படித்த எனக்கு அந்த வேலை வந்தது. ஆட்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவளுக்குப் புத்தகம் நல்ல மறைப்பு. ஆனால் கதையில் அந்த டாக்டர் பெண்டாட்டி எவனோடாவது தனியாக நின்றாலே எனக்குக் காது சுட்டுவிடும், பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஆகவே என் வாசிப்பில் அவள் சும்மா குதிரையில் போனாள், சும்மா துணி வாங்கினாள், திடீரென்று விஷம் குடித்துச் செத்தாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தினி என்றார்கள்.

கம்பவுண்டர் பெண்டாட்டி செல்வராணிக்கு மட்டும் நான் எதையோ விடுகிறேன் என்று சந்தேகம். அவள் புருசன் நல்ல மனுசர். சோறு தின்னும்போதும் ஊசி போடும்போதும் ஒரே முகம். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய் ஏற்ற வரும் லாரி ஏஜெண்டு ஒருவன், "ஏனுங்க, கொச்சியில கடல் பாத்திருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் நல்ல சேலைகளை அடுக்கி வைத்திருந்தாள். லைனில் எல்லாருக்கும் தெரியும், கம்பவுண்டரைத் தவிர.

அவள் அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். உள்ளதைப் படித்து, துணிந்து அவனோடு கிளம்பிவிடுவாளோ என்று பயந்தேன். மறுநாள் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"நீ தாண்டுனதெல்லாம் படிச்சேன்க்கா. அவ தேடிப் போனவனுக அம்புட்டுப் பேரும் புருசனவிட மட்டம். இவனுகளுக்காகவா சாவாக?"

அந்த வாரம் லாரிக்காரன் வந்து மறுபடி கடல் பேச்சை எடுத்தான். ஒங்க வீட்டுக்காரம்மாவுக்குக் காட்டியாச்சா என்று கேட்டாள் செல்வராணி. அவன் காயை எடை போடாமலே வண்டியைக் கிளப்பினான். பெட்டியிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாகக் கொடிக்கு வந்தன.

இப்போது லைன் வீடுகள் இல்லை, கடைகள் கட்டிவிட்டார்கள். வாடகைப் புத்தகம் கொண்டுவருகிற சைக்கிளும் இல்லை. கம்பவுண்டர் காலமான பிறகு செல்வராணி சென்னையில் மகனோடு ஏதோ ஒரு மாடியில் இருக்கிறாள். போன வாரம் பேசினாள்.

"பக்கத்துக் கதவுல யாரு இருக்காகன்னே தெரியலக்கா. இங்க ஒருத்தி கெட்டுப்போனாக்கூடப் புறணி பேச ஆளில்ல."