இரண்டாம் மாடிக்கு ஒரு கட்டில்

போன சனிக்கிழமை எனக்கு எஞ்சினியர் வேலை கிடைத்தது. சம்பளம் — இரண்டு கோப்பை தேத்தண்ணீர்.

செல்வம் அண்ணை வீடு இரண்டாம் மாடி. ஏறுவதற்கு வெளிப்பக்கமாகச் சுருண்டு போகும் இரும்புப் படி, அதன்மேல் உறைந்த பனி. கனடாவின் மொன்றியல் நகரில் இந்தப் படிகளை வளைத்தவர் யாரோ... கட்டில் தூக்கிப் பழக்கமில்லாதவர் என்பது மட்டும் நிச்சயம்.

"இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதன் அர்த்தம் அண்ணைக்கும் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான் — தன் வீட்டு ஜன்னலோரம் படுக்க வேண்டும். அதற்காகத் தலைமாடு உயர்த்தும் இரும்புக் கட்டில் ஒன்று இரவலாக வந்து வாசலில் நின்றது.

நண்பர் பாலாவுக்குக் கராஜில் வேலை. ஸ்பனரோடு வந்தார். நான் பேனாக்காரன். பீட்ஸா பெட்டி மூடியில் படம் கீறினேன்.

"எது சிக்கல் எண்டு பிரிச்சுப் பாக்கவேணும் பாலா. நீளமா, பாரமா, வளைவா?"

"நீர்தான் ஐசே சிக்கல். தள்ளி நில்லும்."

கழற்றி, துண்டு துண்டாக ஏற்றி, மேலே பூட்ட மூன்று மணி நேரம். ஒரு நட்டு மிஞ்சியது. சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அண்ணையின் மனைவி ராணி அக்கா விரிப்பைப் போட்டபடி கேட்டார்: "கட்டில் சரி தம்பி. இவரை என்னெண்டு ஏத்தப் போறியள்?"

அந்தக் கேள்வி எங்களுக்கு வரவில்லையா? காலையிலேயே வந்தது. அதனால்தான் இருவரும் கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

தெருமூலையில் 'தெப்பனர்' என்கிற சில்லறைக் கடையில் உப்பு வாங்கி, பனி உருகப் படியெல்லாம் தூவினோம். பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து பாலாவின் வான் வண்டியில் அண்ணை வந்தார். குசினிக் கதிரையில் இருத்திப் போர்வையால் சுற்றினோம். மேலே பாலா, கீழே நான். பனியில் புதைந்த என் காரை ஒற்றை ஆளாகத் தள்ளிவிட்ட மனிதர் இவர். மூச்சைப் பிடித்து, முழுப் பலத்தோடு தூக்கினேன்.

வெறும் கதிரையைத் தூக்கியதுபோல அது மேலே துள்ளியது.

"பாத்துத் தூக்கடா... என்னைக் கழட்டிப் பூட்ட ஏலாது" என்று சிரித்தார் அண்ணை.

ஒரு வளைவிலும் நிற்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அவ்வளவுதானா?" என்றார் ராணி அக்கா. பிறகு அண்ணையைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்விட்டார்.

பெரிய சிக்கல் என்று நாம் பயப்படுவது சிலவேளை சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது. அப்போதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மறுநாள் எனக்கு முதுகு வலிக்கவேயில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.